மேனேஜருக்கு நாலு கால்

"இந்த வீட்டுக்குள்ள இனிமே யார் காலையும் நான் தொடமாட்டேன். சொல்லிட்டேன்!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஹாலின் நட்டநடுவில் நின்று இப்படி முழங்கினேன். வலது கை தானாகவே மேலே போயிருந்தது. கூட்டத்தில் இருந்தது இரண்டே பேர். ஒருவர் என் மனைவி. குழந்தைகள் பள்ளியில் டீச்சர். மறுநாள் வகுப்புக்காக மஞ்சள் காகிதத்தில் வாத்து வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. இன்னொருவர் எங்கள் நாய். முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. அதுவும் நிமிரவில்லை.

என் சபதத்துக்குக் காரணம் இருக்கிறது. நான் செருப்புக் கடையில் சேல்ஸ்மேன். இருபத்திரண்டு வருஷமாக ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து ஊரார் காலைப் பிடித்துப் பிழைக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமையோடு சொல்கிறேன்: ஆள் வாசலில் நுழையும்போதே சைஸ் சொல்லிவிடுவேன். எட்டு, அகலக் கால், இடது பாதம் அரை சைஸ் பெரிசு. தப்பினதே இல்லை. ஒரே ஒரு தடவை ஒரு அம்மாள் தனக்கு ஆறுதான் என்று அடம்பிடித்து, ஆறையே வாங்கிப் போட்டுக்கொண்டு நொண்டியபடி போனார். அது என் தப்பு இல்லை.

எங்கள் நாய்க்குப் பெயர் மேனேஜர். வைத்தது நான். கடையில் நிஜ மேனேஜரிடம் "சரிங்க சார்" என்பதைத் தவிர வேறெதுவும் நான் பேசியதில்லை. வீட்டுக்கு வந்து, "மேனேஜர், உட்கார்! மேனேஜர், வாயை மூடு!" என்று இரண்டு அதட்டல் போட்டால் அன்றைய அலுப்பெல்லாம் பறந்துவிடும். இந்தச் சுகம் தெரியாமல்தான் பாதிப் பேர் மாத்திரை சாப்பிடுகிறார்கள்.

அந்த மேனேஜருக்குத்தான் கால் கோளாறு. காலையில் மனைவி, சாயங்காலம் நான் என்று முறைவைத்து அதைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவோம். போன மாதம் அங்கே புல்லை ஒட்ட வெட்டி ஏதோ மருந்து தெளித்தார்கள். அன்றிலிருந்து மேனேஜர் வீடு திரும்பியதும் மூலையில் உட்கார்ந்து விரலிடுக்கை நக்க ஆரம்பித்தது. சளப், சளப், சளப். டி.வி.யில் செய்தி வாசிப்பவர் பேசுவதே காதில் விழாது. விரல்களுக்கு நடுவே சிவந்து போயிற்று. வழவழத் தரையில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நடந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம்.

கால்நடை டாக்டரம்மா ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தார்.

"பயப்பட ஒண்ணும் இல்ல. வெளியே போய்ட்டு வந்தா, ஒவ்வொரு தடவையும், நாலு காலையும் வெதுவெதுப்பான தண்ணியில விரலிடுக்கு வரைக்கும் கழுவிடுங்க. அப்புறம் ஈரமே இல்லாம ஒத்தி எடுக்கணும். ஈரம் நின்னா இன்னும் மோசமாகும். நான் தர்ற மருந்து மட்டும்தான். உங்க முகத்துக்குப் பூசறதை எல்லாம் இதுக்குப் பூசாதீங்க. பத்து நிமிஷம் பக்கத்துலயே இருந்து நக்க விடாம பார்த்துக்கணும். யார் செய்யப் போறீங்க?"

"இவர்" என்றாள் மனைவி.

"இவ" என்றேன் நான்.

மேனேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

இப்போது நீங்களே சொல்லுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு நடை. நடைக்கு நாலு கால். ஆக எட்டு. கடையில் நாற்பது காலைப் பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்து இன்னொரு எட்டா? அதுவும் ஏழு மணிக்கு எனக்கு எதிர்வீட்டு டெய்லரோடு செஸ். பதினோரு வருஷமாக நாங்கள் ஆடுகிறோம். அவன் தோளிலிருந்து அளவெடுக்கிறவன், நான் காலிலிருந்து அளவெடுக்கிறவன். நடுவில் சந்தித்துக்கொள்வது அந்தப் பலகையில் மட்டும்தான். அந்த ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றவே ஞாயிற்றுக்கிழமை சபதம்.

மனைவி ஒரு வாத்தை முடித்துவிட்டுக் கேட்டாள்:

"சரி. அப்போ யாருதான் கழுவறது?"

"நீதான்."

"காலையில முப்பது குழந்தைங்களுக்கு ஷூ கழட்டி விடறேன். வீட்டுக்குப் போறப்போ முப்பது ஜோடியையும் மாட்டி விடறேன். நானும் காலோடதாங்க மல்லுக்கட்டறேன்."

"அப்போ யாருமே கழுவ வேண்டாம்!"

"எப்படி?"

"அழுக்குப் பட்டாத்தானே கழுவணும்? படாமலே பண்ணிட்டா? என்கிட்ட விடு. இது என் துறை."

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் அறிவைப் பார்த்து அசந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மேனேஜரின் பாதத்தை அட்டையில் வைத்துப் பென்சிலால் வரைந்து அளவெடுத்தேன். அப்போது ஓர் உண்மையைக் கண்டுபிடித்தேன். அதற்கு முன்னங்கால் பெரிசு, பின்னங்கால் சின்னது. நாய் வளர்க்கிறவர்களில் எத்தனை பேர் இதைக் கவனித்திருப்பார்கள்? கடையில் விற்காமல் கிடந்த கைக்குழந்தை ஷூ இரண்டு ஜோடி எடுத்துவந்தேன். முன்னால் ஒரு சைஸ், பின்னால் ஒரு சைஸ். நீல நிறம். அச்சில் வார்த்த மாதிரி பொருந்தியது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நான் கவனிக்கவில்லை. நடை பழகும் குழந்தைகளுக்கான ஷூ அது. அடி வைத்தால் கீச்சென்று கத்தும்.

கீச். மேனேஜர் திடுக்கிட்டு இடது காலைப் பார்த்தது. கீச். வலது காலைப் பார்த்தது. பின்னால் கீச். திரும்பிப் பார்த்தது. தன்னை நாலு எலி துரத்துவதாக அது முடிவு செய்துவிட்டது. தெரு முழுக்க அது ஓட, கயிற்றின் மறுமுனையில் நான் ஓட, டெய்லர் கடை வாசலில் நின்று கைதட்டினான். பூங்காவை மூன்று சுற்றுச் சுற்றி, ஈரப் புல்லில் புரண்டு, கடைசியில் மூன்று ஷூவோடு வீடு வந்து சேர்ந்தோம். கழற்றினால் உள்ளே சொதசொதவென்று ஒரே ஈரம். மறுநாள் கால் முன்னைவிடச் சிவந்திருந்தது.

"யார் சொன்னது இந்த யோசனையை?" என்றார் டாக்டரம்மா. என்னைப் பார்க்காமல்தான் கேட்டார்.

"இவர் காலணித் துறையில இருக்கார் டாக்டர்" என்றாள் என் மனைவி. இவ்வளவு மரியாதையாக என் காலை யாரும் வாரியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவளே பெருந்தன்மையாகச் சொன்னாள்:

"விடுங்க. உங்க சபதத்தை நீங்க ஏன் உடைக்கணும்? நானே கழுவிக்கறேன்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வாதாடத் தயாராக வந்தவனிடம் வழக்கே வாபஸ் என்றால் எப்படி இருக்கும்? இருந்தாலும் செஸ் பலகையைத் தூசி தட்டினேன். அன்று சாயங்காலம் மேனேஜரோடு பூங்காவுக்குப் போய்வந்து கயிற்றை அவளிடம் கொடுத்துவிட்டு, சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். அவள் அகலக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துவைத்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்து என்னவோ துழாவினாள். பிறகு வந்து உட்கார்ந்து மேனேஜரின் காலைப் பிடித்தாள்.

மேனேஜர் காலைப் பிடுங்கிக்கொண்டது. மறுபடி பிடித்தாள். அந்தக் காலின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. அடுத்த காலைப் பிடித்தாள். ஒரு துள்ளு துள்ளியது. தண்ணீரில் பாதி தரையில்.

"எனக்குக் காட்டவே மாட்டேங்குதுங்க!"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபத்திரண்டு வருஷ அனுபவசாலி முன்னால் ஒருத்தி காலை இப்படியா பிடிப்பாள்? சங்கீத வித்வான் எதிரில் உட்கார்ந்து அபஸ்வரம் பாடின மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம் பொறுத்தேன். இரண்டு நிமிஷம் பொறுத்தேன்.

"தள்ளு!" என்று எழுந்தேன். "காலைப் பிடுங்கக் கூடாது. குதிகாலுக்குக் கீழே கையைக் கொடுத்துட்டுச் சும்மா இருக்கணும். அவங்களா வெப்பாங்க. இது எல்லாம் ஒரு நாள்ல வர்ற விஷயமா?"

கையைக் கொடுத்தேன். மேனேஜர் என்னைப் பார்த்தது. என் உள்ளங்கையில் காலை வைத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ராஜா சிம்மாசனத்தில் கால் வைக்கிற மாதிரி வைத்தது.

"ஏங்க... எப்படிங்க!" என்றாள்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். 'எப்படிங்க' என்ற சொல்லை அவள் என்னிடம் அதற்கு முன்னால் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறாள். குளியலறைக் குழாயை நான் ரிப்பேர் செய்த அன்று, கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றபடி. இந்த 'எப்படிங்க' வேறு. இதில் வியப்பு இருந்தது. நாலு காலையும் கழுவி, ஒத்தி, மருந்து போட்டு, பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்தேன். சபதம் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். யார் காலையும் தொடமாட்டேன் என்றுதான் சொன்னேன். 'யார்' என்பதில் நாய் சேருமா என்பது விவாதத்துக்கு உரியது.

மறுநாள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சார்ட் ஒட்டியிருந்தது. பள்ளியிலிருந்து கொண்டுவந்திருக்கிறாள். கட்டம் கட்டமாகக் கிழமைகள். தலைப்பு இருக்கும் இடத்தை முழுக்க மறைத்துக்கொண்டு யானை வடிவத்தில் ஒரு பெரிய காந்தம். புதன்கிழமைக் கட்டத்தில் ஒரு தங்க நட்சத்திரம் மின்னியது.

"இது என்ன?"

"டாக்டர் கேட்டா காட்டலாமில்ல? காலையும் சாயங்காலமும் ஒழுங்கா நடந்தா தங்க ஸ்டார். ஏதாவது குறை இருந்தா வெள்ளி ஸ்டார். சொதப்பினா ஒண்ணும் கிடையாது."

"பாவம், சின்னப் பிள்ளைக்குக் குடுக்கற மாதிரி குடுக்கறே."

"சின்னப் பிள்ளைதானேங்க" என்றாள்.

"மேனேஜர், தங்க ஸ்டார் வாங்கிட்டியாடா!" என்று அதன் தலையைத் தடவினேன். அது வாலை ஆட்டியது. மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். ஏதோ இருமினாள்.

அதன்பிறகு நான் வேறு ஆளாகிவிட்டேன். நாலு காலுக்கு நாலு நிறத்தில் துண்டு. தண்ணீர்ச் சூட்டை முழங்கையால் பார்ப்பேன். காலையில் அவள் நடத்திக் கூட்டிவந்ததும் நான் கிண்ணத்தோடு வாசலில் தயாராக நிற்பேன். சாயங்காலம் நடைபாதையில் புறங்கையை வைத்துப் பார்த்து, சூடு தணிந்த பிறகே கிளம்புவேன். தெருவில் குனிந்து தரையைத் தொட்டுக்கொண்டிருப்பவனைப் பார்த்து நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அது நக்காமல் இருக்கப் பத்து நிமிஷம் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவேன். விளையாட்டுப் பக்கம் அதற்குப் பிடிக்கும்.

வரிசையாகத் தங்கம். எப்போதாவது வெள்ளி. ஒரே ஒரு வியாழக்கிழமை மட்டும் கட்டம் காலி. அன்று மேனேஜர் ஏதோ குறும்பு செய்திருக்கிறது என்று அதைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கண்டித்தேன். "இத்தனை நாள் வாங்கின நல்ல பேரை ஒரே நாள்ல கெடுத்துக்கிட்டியே!" அது தலையைக் குனிந்துகொண்டது.

மூன்றாவது வாரம் சிவப்பு மறைந்தது. டாக்டரம்மா பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா பார்த்துக்கிட்டிருக்கீங்க சார். இப்படியே விடாம செய்யுங்க" என்றார்.

அந்த 'சார்' என் காதில் ஒரு வாரம் ஒலித்தது. கடையில் நான்தான் எல்லாரையும் சார் என்பேன். என்னை யாரும் சொன்னதில்லை. ஆயிரம் கால்களுக்கு நான் பொருத்தமாகச் செருப்பு மாட்டியிருப்பேன். எல்லாரும் செருப்பைத்தான் பார்த்தார்கள். குனிந்து உட்கார்ந்திருக்கிறவனின் உச்சந்தலையை யார் பார்க்கிறார்கள்? சும்மா சொல்லக் கூடாது, அன்று வழியெல்லாம் மேனேஜர் முன்னால் நடக்க, நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பின்னால் வந்தேன்.

செஸ்தான் அடிபட்டது. டெய்லர் ஒருநாள் வழிமறித்தான்.

"என்னய்யா, மூணு வாரமா ஆளையே காணோம்? ராணியை நடுப்பலகையில விட்டுட்டுப் போனே. அப்படியே நிக்கறா."

"வேலை இருக்குய்யா."

"என்ன வேலை? நாய்க்குப் பாத பராமரிப்பா? உன்னைத் தங்கச்சி நல்லா அளவெடுத்துத் தெச்சிருக்குய்யா. எங்கயும் பிடிக்கல, எங்கயும் தொளதொளங்கல."

"வாயைக் கழுவு. அவளால முடியாமத்தான் என்கிட்ட வந்துது. என் கையைத் தவிர வேற யார் கையிலயும் அது கால் வெக்காது. தெரியுமா?"

"அளக்காதே."

"பந்தயமா? வேற யார்கிட்டயாவது அது காலைக் குடுத்துடட்டும், இந்த வருஷம் முழுக்க முதல் நகர்த்தலை உனக்கு விட்டுட்டு நான் கறுப்புக் காய்லயே ஆடறேன்."

"அப்படிக் குடுக்கலேன்னா?"

"வருஷம் முழுக்க நீ கறுப்பு. வெள்ளிக்கிழமை கடையில சரக்குக் கணக்கெடுப்பு, மத்தியானமே விட்டுடுவாங்க. நாலு மணிக்கு என்னோட வந்து உன் கண்ணாலயே பாரு."

வெள்ளிக்கிழமை மத்தியானம் லேசாகத் தூறிவிட்டு நின்றிருந்தது. நாலு மணிக்கு டெய்லரோடு வீட்டுக்கு வந்தேன். நான் சீக்கிரம் வருவதை மனைவியிடம் சொல்லவில்லை. கலைஞன் என்றால் கொஞ்சம் எதிர்பாராமல்தான் மேடை ஏற வேண்டும். கதவைச் சத்தமில்லாமல் திறந்தேன்.

ஹாலில் என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து காகிதத்தில் தவளை வெட்டிக்கொண்டிருந்தாள். வாத்துகள் முடிந்து தவளைக்கு வந்துவிட்டாள். காலடியில் வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணம். எதிரில் மேனேஜர். அதன் முன்னங்கால் தானாகவே கிண்ணத்துக்குள் இருந்தது. அவள் கத்தரிக்கோலை வைத்துவிட்டு ஒரு கையால் கழுவி, துண்டால் ஒத்தினாள். தவளையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"அடுத்தது."

மேனேஜர் காலை எடுத்துவிட்டு அடுத்த காலை வைத்தது.

"அடுத்தது."

திரும்பி உட்கார்ந்து பின்னங்காலை நீட்டியது. எனக்கு இந்த மூன்று வாரத்தில் ஒரு தடவைகூட அது திரும்பி உட்கார்ந்ததில்லை. பின்னங்காலுக்கு நான்தான் அதைச் சுற்றித் தவழ்ந்து போவேன்.

டெய்லர் என் தோளைத் தட்டினான். "கறுப்பு" என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம்கூடப் பதறவில்லை.

"வாங்கண்ணே. என்னங்க, சீக்கிரம் வந்துட்டீங்க? தூறல்ல வெளியே ஓடிடுச்சு. நீங்க வர ஆறரை ஆகுமே, அதுவரைக்கும் ஈரக்காலோட விடலாமான்னு..."

"அது உனக்குக் காட்டாதுன்னு சொன்னே!"

"சொன்னேன்."

"அன்னிக்குப் பிடுங்கிப் பிடுங்கி இழுத்துச்சே!"

"ஃப்ரிட்ஜ்ல ஐஸ் டிரேயை ரெண்டு நிமிஷம் பிடிச்சுக்கிட்டு இருந்துட்டு வந்தேன். அவ்வளவு சில்லுன்னு கையை வெச்சா நீங்ககூடத்தான் இழுப்பீங்க."

"ஏம்மா, என்கிட்டக் கேட்டிருந்தா நான் செஞ்சிருக்க மாட்டேனா?"

"கேட்டேனே. மூணு தடவை கேட்டேன். ஒரு தடவை டாக்டர் முன்னாடியே கேட்டேன். நீங்க கையைத் தூக்கிச் சபதம் போட்டீங்க."

டெய்லர் நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டான். நான் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். ஃப்ரிட்ஜைக் காட்டினேன்.

"அப்போ இந்த ஸ்டார்? இத்தனையும் மேனேஜர் என் கையில ஒழுங்கா நின்னு வாங்கினதுதானே? அதையாவது ஒத்துக்கோ!"

"அதுக்கு எதுக்குங்க ஸ்டார்?" என்றாள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. "அதுக்குத்தான் பிஸ்கட் குடுக்கறேனே."

நான் மெதுவாக ஃப்ரிட்ஜ் அருகே போனேன். யானைக் காந்தத்தை நகர்த்தினேன். அவள் வகுப்புக் குழந்தைகளுக்கான சார்ட் அது. கொட்டை எழுத்தில், 'என் வேலையை நானே செய்வேன்' என்று அச்சடித்திருந்தது. அதன் கீழே, 'செல்லத்தின் பெயர்' என்று ஒரு கோடு. கோட்டின் மேல் வட்டவட்டமான டீச்சர் கையெழுத்தில் அவள் எழுதியிருந்தது நாயின் பெயர் இல்லை. என் பெயர்.

டெய்லருக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. அவனுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. சார்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். இருபத்திரண்டு நட்சத்திரம். கடையில் வருஷத்துக்கு ஒன்று கொடுத்திருந்தால்கூடச் சரியாக இத்தனைதான் வந்திருக்கும். அங்கே ஒன்றும் கொடுக்கவில்லை. கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் கண் அந்தக் காலிக் கட்டத்தில் போய் நின்றுவிட்டது.

"அது இருக்கட்டும்" என்றேன். "அந்த வியாழக்கிழமை எனக்கு ஏன் ஸ்டார் இல்ல? நாலு காலும் சுத்தமாத்தானே துடைச்சேன்?"

"துடைச்சீங்க. ஈரத் துண்டு நாலையும் கட்டில்மேல போட்டுட்டுப் போய்ட்டீங்க."

நியாயம்தான். நான் மேனேஜரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதன் நாலாவது காலைக் கழுவி, விரலிடுக்கை ஒத்தி, மருந்து போட்டேன். நாலு துண்டையும் பிழிந்து, உதறி, கொடியில் வரிசையாகக் காயப்போட்டேன். பிறகு ஃப்ரிட்ஜ் முன்னால் வந்து, வெள்ளிக்கிழமைக் கட்டத்தைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.